நோன்புப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்

அத்தியாயம் 7

"காதுல, கழுத்துல எதுவும் கூடாது. இழுத்த உடனே அறுந்து வர்ற பொருளா இருந்தா மட்டும் போட்டுக்குங்க. அது அறுந்து வரலேன்னா நீங்கதான் கைதி பக்கம் போவீங்க."

தலைமை சிஸ்டர் பெர்சிதா இதைச் சொன்னபோது, அறையில் இருந்த ஏழு புதியவர்களில் ஆறு பேரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஏழாவது ஆளான மோம்சிலோ மட்டும் பக்கத்து நாற்காலியை நோக்கிக் குனிந்தான்.

"மேடம், என் கழுத்துல தலை ஒண்ணுதான் இருக்கு. இழுத்தா அறுந்து வருமா?"

"உன்னோடது சுலபமா வந்துடும். உள்ள கனமா ஒண்ணும் இல்லை," என்றார் டெசாங்கா, உதடு அசையாமல்.

கமெனாட்ஸ் சிறையின் மருத்துவப் பிரிவில் அன்று பயிற்சியின் இரண்டாம் நாள். தான்யூப் நதிப் பக்கமிருந்து கொஷாவா காற்று மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளில் அது ஊளையிட்டபோதெல்லாம் புதிய நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். பெர்சிதா பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற சத்தம்.

ஏழு பேரில் ஐந்து பேர்தான் நிஜமாக வேலைக்கு வந்தவர்கள். நர்ஸ் உடையில் இருந்த டெசாங்கா நோவி சாத் போலீசில் இருபத்தெட்டு வருஷம் கொலை வழக்கு பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறிபவர். லேப் டெக்னீஷியன் கோட்டு போட்டிருந்த மோம்சிலோ அவருடைய உதவியாளன். ரத்தம் எடுக்கச் சொன்னால் எடுப்பதற்குள் அவனே மயங்கி விழுந்துவிடுவான். இந்த வேஷம் தெரிந்த ஒரே ஆள் சிறைக் கமாண்டர் வெலிமிர்.

வந்த காரணம் இஸிதோரா. இருபத்து நாலு வயது நர்ஸ். ஜனவரியில் இதே அறையில், இதே பெர்சிதாவிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு வேலையில் சேர்ந்தவள். சேர்ந்த இரண்டாவது வாரம், அந்திரியா என்ற கைதியை வயிற்றுப் பரிசோதனைக்காக ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அவர் ஒரு கடத்தல் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்தவர். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் யாரோ காத்திருந்து சுட்டுவிட்டுப் போனார்கள். ஆள் போகிற நாள் வெளியே கசிந்திருக்கிறது. புதுப் பெண் நோயாளியிடம் உளறியிருப்பாள், நோயாளி யாரிடமோ சொல்லியிருப்பான் என்று இஸிதோராவைப் பிடித்து உள்ளே போட்டார்கள். திங்கட்கிழமை தீர்ப்பு. ஏழு வருஷம் கிடைக்கும் என்கிறார் வக்கீல்.

அவளை உள்ளே போட்ட பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் மூன்று கைதிகள் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். அப்புறம் என்ன, அவள்தான் என்று சிறை முழுக்க முடிவு கட்டிவிட்டது.

இன்று பதினோரு மணிக்கு நாலாவது ஆள் போகிறார். பெயர் ஸ்டோயான். அதே கும்பலுக்கு எதிரான இரண்டாவது சாட்சி. டெசாங்காவுக்குக் காலையிலிருந்தே காபி இறங்கவில்லை.

"கத்தரிக்கோல் நாலு," பெர்சிதா மேசையில் வரிசையாக வைத்தார். "காலைல நாலு, மதியம் நாலு, சாயங்காலம் நாலு. மூணாச்சுன்னா யாரும் வீட்டுக்குப் போக முடியாது, நான் உள்பட. சாவி எப்பவும் துணிப்பைக்குள்ள. அதோட பல்லை ஒரு தடவை பாத்தாப் போதும், சோப்புல செதுக்கிடுவான்."

ஒரு பெண் அவசரமாகச் சாவியைப் பைக்குள் தள்ளினாள்.

"மேசையில குடும்பப் படம் கூடாது." இங்கே பெர்சிதாவின் குரல் இறங்கியது. "பிள்ளை பேரு, படிக்கிற ஸ்கூலு, எந்தத் தெரு, எதுவும் வாயில வரக் கூடாது. 'சிஸ்டர், கண்ணு செவந்திருக்கே, தூங்கலையா'ன்னு கேப்பான். முறைக்கிறவனுக்குப் பயப்படாதீங்க. அன்பாக் கேக்கறவனுக்குப் பயப்படுங்க. ஒரு பேரு, ஒரே ஒரு பேரு சொன்னாப் போதும்."

சொல்லிவிட்டு, சுருக்கமே இல்லாத மேசைவிரிப்பை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே நின்றார். டெசாங்கா அந்தக் கையைப் பார்த்தார்.

"கடைசியா ஒண்ணு. வெளி ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போறான்னு நோயாளிக்குச் சொல்லக் கூடாது. கால்ல விழுந்து கேட்டாலும் எந்த நாள்னு சொல்லாதீங்க. இஸிதோரா சொன்னா. ஆள் செத்தான்."

காற்று இன்னொரு முறை ஊளையிட்டது.

பெர்சிதாவே சிரித்துவிட்டார். "சரி, பயந்தது போதும். ஈஸ்டர் வாரம், சாப்பிடுங்க." மேசைக்கு அடியிலிருந்து ஒரு கூடை வந்தது. சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள், புகையில் வாட்டிய பன்றித் தொடை இறைச்சி, ரொட்டி.

"ஐயோ, இன்னிக்குப் புதன் ஆச்சே சிஸ்டர்," என்றாள் ஒருத்தி பழக்க தோஷத்தில்.

"இந்த வாரம் புதனும் கிடையாது, வெள்ளியும் கிடையாதும்மா. வருஷம் பூரா ரெண்டு நாளும் எண்ணெய் கூடத் தொடாதவ நான். நானே கறி சாப்பிடறேன். ஈஸ்டர் முடிஞ்ச வாரத்துல நோன்பு இருந்தா சாமிக்கே கோவம் வரும்."

மோம்சிலோ ஈஸ்டர் வழக்கப்படி ஒரு முட்டையை எடுத்து அவருடைய முட்டையோடு முட்டினான். அவனுடையது நொறுங்கியது.

"மூணு வருஷமா என் முட்டைய யாரும் உடைச்சதில்ல தம்பி," என்றார் பெர்சிதா.

*

ஒன்பது மணி இடைவேளையில் இருவரும் துணி அறைக்குள் நுழைந்துகொண்டார்கள். ஜனவரி மாதத்துக் காவலர் நாட்குறிப்பைக் கமாண்டர் அங்கே போர்வைக்கடியில் வைத்திருந்தார். அந்திரியா செத்த நாளின் பக்கத்தை டெசாங்கா விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"படி."

"காலை ஏழு இருபது. அறை எண் பதினாலு. அந்திரியா கதவை உதைக்கிறார். தன் காலைச் சாப்பாடு மட்டும் வரவில்லை என்று கத்துகிறார்." மோம்சிலோ உச்சுக்கொட்டினான். "சாகறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியும் சோத்துக்குச் சண்டை. எங்க பெரியப்பா மாதிரியே இருக்காரு."

"சாப்பாடு ஏன் வரலை?"

"வயித்துக்குள்ள குழாய் விடணும்னா வெறும் வயிறா இருக்கணும். இது எனக்கே தெரியும்."

"அவருக்குத் தெரியலையே. ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு தெரிஞ்ச மனுஷன் ஏன் சாப்பாடு வரலைன்னு கதவை உதைப்பாரா?"

மோம்சிலோ அந்த வரியை இன்னொரு முறை படித்தான். "அப்ப இஸிதோரா அவர்கிட்ட எதுவுமே சொல்லல."

"ஒரு வார்த்தை சொல்லல. மூணு மாசமா இந்தப் பக்கம் இங்கேயே கிடந்திருக்கு. ஒருத்தன் புரட்டல." டெசாங்காவுக்கு வந்த கோபத்தில் நாட்குறிப்பு படாரென்று மூடியது. "நோயாளிக்குத் தெரியாது. ஆனா அவர் தட்டை நிறுத்தணும்னு ஒரு இடத்துக்குத் தெரிஞ்சிருக்கு. வா, பசிக்குது."

*

சமையலறையை நடத்துவது சீமா என்ற கிழட்டுக் கைதி. பதினேழு வருஷமாக உள்ளே இருக்கிறார். வெளியே போனால் இத்தனை பெரிய அண்டா கிடைக்காது என்று கவலைப்படுகிற ரகம்.

"புது சிஸ்டரா? முட்டை இருக்கு, கறி இருக்கு, என்ன வேணும்?"

"ஒரு ஆளுக்குத் தட்டு அனுப்ப வேணாம்னா உங்களுக்கு எப்படிச் சொல்லுவாங்க தாத்தா?" என்று கேட்டார் டெசாங்கா.

"நோன்புப் பட்டியல்தான். மருத்துவப் பிரிவுல இருந்து வரும். எண்ணெய் இல்லாதவங்க ஒரு பத்தி, மதியம் வரைக்கும் தண்ணி மட்டும்னு இருக்கறவங்க ஒரு பத்தி. ஆஸ்பத்திரிக்குப் போறவனையும் அந்தத் தண்ணிப் பத்தியில சேத்து எழுதிடுவாங்க. எவன் சாமிக்கு இருக்கான், எவன் டாக்டருக்கு இருக்கான்னு எங்களுக்குத் தெரியக் கூடாதாம். பெர்சிதா சிஸ்டர் போட்ட திட்டம். நாலு வருஷம் முன்னாடி அதுக்குப் பாராட்டுக் கடுதாசி கூட வாங்கினாங்க."

"கெட்டிக்காரத்தனம்."

"தவக்காலத்துல பாக்கணுமே, நூத்தி நாப்பது பேரு. எனக்கே தலை சுத்தும்."

"இன்னிக்குப் பட்டியல் எங்க?"

சீமா கரண்டியால் காட்டினார். ரொட்டி இறக்குகிற பின்கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு ஆணி, அதில் ஒரு காகிதம். காற்றில் படபடத்தது. டெசாங்கா இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினார்.

தண்ணீர் மட்டும்: ஸ்டோயான். கீழே டாக்டரின் வட்ட முத்திரை. அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"ஈஸ்டர் வாரத்துல நானூறு பேர்ல ஒரே ஒரு பக்தன்," என்றான் மோம்சிலோ. ஆனால் குரலில் கேலி இல்லை.

"இது ஏன் கதவுக்கு வெளியில இருக்கு?"

"ரொட்டி வண்டிக்காரன் பாக்கறதுக்கு. நோன்பு இருக்கறவங்களைக் கழிச்சுட்டுத்தான் ரொட்டி எண்ணி இறக்குவான். காலைல ஆறு மணிக்கு ஒரு நடை, பத்து மணிக்கு ஒரு நடை."

ஆறு மணி. பதினோரு மணிக்குள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, நிதானமாகக் காபி குடித்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு வந்து நின்றுகொள்ள ஐந்து மணி நேரம் போதும். டெசாங்கா காகிதத்தை விட்டுவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தார்.

*

"டாக்டர் மாட்டினார்," என்றான் மோம்சிலோ படியேறும்போது. "ஃபெரென்ஸ் ஹங்கேரிக்காரர், கத்தோலிக்கர். அவர் ஈஸ்டரே வேற வாரம். நம்ம ஆர்த்தடாக்ஸ் சபையோட நோன்புக் கணக்கு தெரியாம எழுதிட்டார். வெறும் முட்டாள்தனம் மேடம், கொலை இல்ல."

டாக்டர் ஃபெரென்ஸ் காகிதக் குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நோன்புப் பட்டியலா? அது உண்ணாவிரதம் இருந்து கலாட்டா பண்றவங்க பட்டியல்னு இல்ல நெனச்சேன்!"

"அதுல உங்க முத்திரை இருக்கே டாக்டர்."

"என் முத்திரை எதுல இல்ல? பெர்சிதா மேசை இழுப்பறையிலதான் கிடக்கும். நான் கேஸ் புத்தகத்துல 'வாய் வழியா எதுவும் வேண்டாம்'னு எழுதுவேன். அதுக்கப்புறம் அவங்க பாடு."

"ஸ்டோயானுக்கு இன்னிக்குன்னு நாள் குறிச்சது நீங்களா?"

"நான் மார்ச் மாசமே குறிச்சேன்மா. ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. ரத்த ரிப்போர்ட் காணலை, காணலைன்னு பெர்சிதா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பாவம் அந்தாளு, வயித்து வலியோட ஈஸ்டரைக் கழிச்சாரு. இன்னும் தள்ளினா உள்ளயே ரத்தம் கசிஞ்சு செத்துடுவாரு."

வெளியே வந்ததும் டெசாங்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மோம்சிலோ, நோன்பே தெரியாத மனுஷன் நோன்புப் பட்டியலைத் தேடிப் போய் எழுதுவாரா?"

"மாட்டார்."

"இந்த வாரம் அந்தப் பட்டியல்ல ஒரு பேரு எழுதினா அது கூரை மேல ஏறிக் கத்தற மாதிரின்னு யாருக்குத் தெரியும்? நோன்பு எந்த நாள், எந்த நாள் இல்லைன்னு விரல் நுனியில வச்சிருக்கறவங்களுக்கு. தெரியாதவங்க இந்தத் தப்பைப் பண்ணவே முடியாது. தெரிஞ்சவங்க இதைத் தப்பாப் பண்ண மாட்டாங்க."

மோம்சிலோவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "வருஷம் பூரா ரெண்டு நாளும் எண்ணெய் தொடாதவங்க..."

"அந்திரியா செத்தது நம்ம கிறிஸ்துமஸுக்கு, அதான் ஜனவரி ஏழுக்கு, அடுத்த புதன். அந்தப் பத்து நாளும் நோன்பு கிடையாது. அன்னிக்கும் பட்டியல்ல ஒத்தைப் பேருதான் இருந்திருக்கும். போன் வேணாம், சீட்டு வேணாம். வண்டிக்காரன் கண்ணு மட்டும் போதும்."

"தவக்காலத்துல போன மூணு பேரு?"

"நூத்தி நாப்பது பேருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் போய்ட்டு வந்தாங்க. ஸ்டோயானை அந்தக் கூட்டத்துல போட்டா அடையாளம் தெரியாது. அதான் ரெண்டு தடவை தள்ளி, இந்த வாரத்துக்குக் கொண்டு வந்திருக்காங்க."

"நான் கொலைகாரனுங்கதான் தவக்காலத்துக்காக அடங்கி இருந்தானுங்கன்னு நெனச்சேன் மேடம்."

மணி ஒன்பது நாற்பத்தைந்து. டெசாங்கா ஓடத் தொடங்கினார்.

*

கமாண்டர் வெலிமிர் வாக்குவாதம் செய்யவில்லை. கேட்டதும் போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டார். பத்து மணிக்கு வந்த ரொட்டி வண்டிக்காரன் ஆணியில் தொங்கிய காகிதத்தை நிமிர்ந்து பார்த்த நொடியில் அவன் கையில் விலங்கு விழுந்தது. பதினோரு மணிக்குக் கிளம்பவேண்டிய கைதி வண்டிக்குள் ஆறு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஸ்டோயானைப் பத்தரைக்கே ரொட்டி வண்டியின் பின்பக்கம் ஏற்றி, வேறு வழியாக, வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் டெசாங்கா.

"நேத்து ராத்திரியில இருந்து பட்டினி கிடக்கற மனுஷனைச் சூடான ரொட்டிக்கு நடுவுல உக்கார வக்கிறீங்களே," என்றான் மோம்சிலோ. "இதுக்கு அந்தக் கும்பலே தேவலாம்."

பதினொன்று இருபத்தைந்துக்குக் கமாண்டரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் பின்வாசலில் துணி வெளுக்கும் ஆட்கள் உடையில் இரண்டு பேர். அழுக்குத் துணி மூட்டைக்கடியில் துப்பாக்கிகள். இரண்டு பேரும் பிடிபட்டார்கள்.

வாயைத் திறக்கவில்லையாம். திறக்கவும் மாட்டார்கள். ரொட்டி வண்டிக்காரனும் அப்படித்தான். இஸிதோராவை வெளியே கொண்டுவர ஒரே ஒரு வாய்தான் பாக்கி.

பயிற்சி அறையில் மற்றவர்கள் இல்லை. பெர்சிதா தனியாக நின்று கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய சிவப்பு முட்டை கூடையில் இன்னும் உடையாமல் இருந்தது.

"சிஸ்டர், ஒரு சந்தேகம்," என்றார் டெசாங்கா வாசலில் நின்று. "இன்னிக்குக் காலைச் சாப்பாட்டுல ஏதோ தப்பு நடந்துபோச்சாமே?"

பெர்சிதா தலை நிமிரவில்லை. "டாக்டர் வேலையா இருக்கும். அவருக்கு நம்ம பழக்கம் தெரியாது. ஈஸ்டர் வாரம்னு பாக்காம ஸ்டோயான் பேரைப் பட்டியல்ல எழுதிட்டார்."

"நான் பட்டியல்னு சொல்லவே இல்லையே சிஸ்டர். ஸ்டோயான்னும் சொல்லல."

மேசைக்கு மேலே பெர்சிதாவின் வலது கை மூடியிருந்தது. மோம்சிலோ மெதுவாக முன்னே வந்தான்.

"மேசையில மூணுதான் இருக்கு சிஸ்டர்," என்றான். "மூணாச்சுன்னா யாரும் வீட்டுக்குப் போக முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்தக் கை எந்தப் பக்கம் பாயும் என்று டெசாங்காவுக்குத் தெரியவில்லை. தன் மேலா, மோம்சிலோ மேலா, அவருடைய கழுத்துக்கேயா? பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாலாவது கத்தரிக்கோல் மற்ற மூன்றுக்குப் பக்கத்தில், ஒழுங்காக, வரிசையில் வந்து படுத்தது.

"யாரு பேரைச் சொன்னீங்க?" என்று கேட்டார் டெசாங்கா. "காலைல சொன்னீங்களே, ஒரே ஒரு பேருன்னு. அது யாரு?"

பெர்சிதா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"என் பையன். லாஸார். ஒருத்தனுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டிருந்தேன். 'சிஸ்டர், இவ்வளவு பதமாப் பண்றீங்களே, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா'ன்னு கேட்டான். பெருமையாச் சொன்னேன். பேரு, வயசு, எல்லாம். அப்புறம் என் பையன் ஒரு அடிதடியில மாட்டித் தெக்க ஒரு ஜெயிலுக்குப் போனான். டிசம்பர்ல எனக்கு ஒரு சீட்டு வந்துச்சு. லாஸார் பக்கத்துக் கட்டில்ல எங்க ஆளுதான் படுத்திருக்கான், சாட்சிங்க ஆஸ்பத்திரிக்குப் போற நாள் வேணும்னு."

"அதுக்காக இன்னொரு அம்மாவோட பொண்ணை உள்ள அனுப்பினீங்க."

"ஆமா." அவர் மறுக்கவில்லை, அழவும் இல்லை. "அந்தப் பொண்ணு என்கிட்டதான் ஓடி வந்துச்சு. 'நான் யார்கிட்டயும் சொல்லல சிஸ்டர், நீங்க சொன்னா நம்புவாங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. கையை எடுத்து விட்டுட்டு வந்துட்டேன்."

டெசாங்காவுக்கு அந்தக் கன்னத்தில் ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இப்ப எழுதிக் குடுங்க."

"எழுதினா சாயங்காலத்துக்குள்ள என் பையன் இருக்க மாட்டான். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க, எழுத மாட்டேன்."

டெசாங்கா போனை எடுத்துக் கமாண்டரிடம் தாழ்ந்த குரலில் நாலு வாக்கியம் பேசினார். பிறகு மூன்று பேரும் காத்திருந்தார்கள். மோம்சிலோ ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிஷம் போனது. போன் அடித்தது. டெசாங்கா கேட்டுவிட்டு வைத்தார்.

"லாஸாரை அந்த ஜெயில்ல இருந்து எடுத்தாச்சு. உயிரோட, பத்திரமா வண்டியில ஏத்தியாச்சு."

பெர்சிதா பாய்ந்து எழுந்தார். "எங்க கொண்டு போறாங்க? எந்த ஊருக்கு? என்னிக்குப் போய்ச் சேருவான்?"

"எந்த நாள்னும் சொல்ல மாட்டேன், எந்த இடம்னும் சொல்ல மாட்டேன் சிஸ்டர்," என்றார் டெசாங்கா. "கால்ல விழுந்து கேட்டாலும்."

பெர்சிதா அவரையே பார்த்தார். வாய் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் மூடிக்கொண்டது. பத்தொன்பது வருஷம் அவரே சொல்லிக்கொடுத்த பாடம். மெதுவாகத் தலையசைத்தார். அப்போதுதான் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

உட்கார்ந்து, ஒரு வெள்ளைக் காகிதத்தை இழுத்து, தெளிவான கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். முதல் வரியை மோம்சிலோ தோளுக்கு மேலாகப் படித்தான்.

இஸிதோரா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பக்கம் நிறைந்ததும் கீழே கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் அவருடைய கை டாக்டரின் முத்திரைக்காக இழுப்பறைக்குப் போனது. டெசாங்கா இழுப்பறையை மூடினார்.

"வேணாம் சிஸ்டர். இதுக்கு உங்க பேரு போதும்."